ஒட்டகச்சிவிங்கி நின்ற பக்கம்

பாஸ்போர்ட் இல்லாமலேயே பன்னிரண்டு நாடுகளைப் பற்றி எழுதி முடித்தவள் நான். ஆட்டையாம்பட்டியில் என் கணவரின் தறிக்கூடத்தை ஒட்டிய அறையில் உட்கார்ந்து, எட்டுத் தறி ஓடுகிற சத்தத்தில், நார்வேயின் அமைதியைப் பற்றி எழுதியிருக்கிறேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். எல்லாம் எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கான புத்தகங்கள். ஒவ்வொன்றும் முப்பத்திரண்டு பக்கம், பக்கத்துக்குப் பக்கம் வண்ணப்படம். சேலத்தில் ஒரு சின்னப் பதிப்பகம் போடுகிறது. ஆண்டு விழாவில் பரிசு கொடுக்கப் பள்ளிக்கூடங்கள் மொத்தமாக வாங்கிப் போகும்.

நாடு எதுவானாலும் நான் செய்கிற சமையல் ஒன்றுதான். ஒரு கொடி, ஒரு மலை, ஒரு சாப்பாடு, ஒரு திருவிழா, வணக்கம் சொல்ல ஒரு வார்த்தை, அட்டையில் ஒரு மிருகம். ஆஸ்திரேலியாவுக்குக் கங்காரு, அதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஜப்பானுக்குச் சரியான மிருகம் அமையாமல் ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் பனிக்காலத்தில் வெந்நீர் ஊற்றில் உட்கார்ந்திருக்கும் குரங்கைப் பிடித்துப் போட்டேன். பிள்ளைகளுக்கு அந்தக் குரங்கை ரொம்பப் பிடித்துவிட்டது என்று பதிப்பாளர் சொன்னபோது ஏதோ நானே பெற்ற பிள்ளையைப் புகழ்ந்த மாதிரி இருந்தது.

என் தம்பி ஒருவன்தான் என்னை மதிக்க மாட்டான். "அக்கா உக்காந்த எடத்துலயே ஊரு சுத்துது, டிக்கெட்டே எடுக்காம" என்பான். அவன் ஊர் சுற்றியவன், பேசலாம். அவன் ரிக் வண்டியில் டிரில்லர். போர்வெல் போடுகிற வண்டி, அதில் துளை இறக்குகிற ஆள். திருச்செங்கோட்டுப் பக்கத்து ரிக் வண்டி போகாத மாநிலம் கிடையாது. அவனும் இருபது வயதிலிருந்து மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று போய்க்கொண்டே இருந்தான். அவன் வீடு புதுச்சத்திரத்துக்கு உள்ளே தள்ளி, மரவள்ளிக் காட்டுக்கு நடுவில் இருக்கிறது. மனைவியும் ஒரே மகளும் அங்கே. மகள் ஒன்றாம் வகுப்புச் சேர்ந்த வருஷம் அவனுக்குத் தான்சானியாவில் வேலை வந்தது. இரண்டு வருஷ ஒப்பந்தம். வண்டியைக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டு ஆட்கள் பின்னால் விமானத்தில் போனார்கள்.

அவன் போய் ஆறு மாதம் கழித்து எனக்குப் பன்னிரண்டாவது நாடு தேவைப்பட்டது. தான்சானியா என்றேன். பதிப்பாளர் துள்ளிக் குதித்தார். சிங்கம் இருக்கிறது, பனி மூடிய மலை இருக்கிறது, கூட்டம் கூட்டமாகக் காட்டெருமை மாதிரி ஓடுகிற மான் இருக்கிறது, வேறென்ன வேண்டும். அதோடு முதன்முறையாக எனக்கு அந்த நாட்டுக்குள் ஆள் இருந்தது. தம்பியிடம் சொன்னேன்: "நீ பாக்கறது, திங்கறது, கேக்கறது எல்லாத்தையும் பேசி அனுப்பு. நான் எழுதிக்கிறேன்."

அனுப்பினான். ஞாயிற்றுக்கிழமை மதியம் துணி துவைத்துக்கொண்டே பேசுவான். பின்னால் கல்லில் துணி அடிக்கிற சத்தம் கேட்கும். முதல் செய்தியைக் கேட்டதுமே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"ஏனுங்க்கா, இங்கயும் களிதாங்க. நாம ராகியில கிண்டறம், இவுங்க மக்காச்சோளத்துல கிண்டறாங்க. அவ்வளவுதான் வித்தியாசம். ஆடு நம்மூரு வெள்ளாடேதான். முள்ளுச்செடி, செம்மண்ணு, வெயிலு. எனக்கு வெளிநாடு வந்த மாதிரியே இல்லீங்க்கா."

"அந்த மலைய ஒரு போட்டோ எடுத்து அனுப்புடா" என்று பதில் அனுப்பினேன்.

"மலையா? நாமக்கல்லுல உக்காந்துட்டுக் கன்னியாகுமரியப் போட்டோ எடுக்கச் சொல்றீங்க. அது எங்கியோ இருக்குதுங்க."

"சிங்கம்?"

"நாய்தாங்க இருக்குது."

இப்படி ஒரு உளவாளியை வைத்துக்கொண்டு என்ன செய்ய? இருந்தாலும் அவன் சொன்னதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதினேன். சொல்லச் சொல்ல அவனுக்குப் பேச்சு வளர்ந்தது. எங்கள் பக்கத்தில் போர்வெல் போடும் முன் நீரோட்டம் பார்ப்பவர்கள் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு நடப்பார்கள். தண்ணீர் இருக்கிற இடத்தில் தேங்காய் எழுந்து நிற்கும் என்பது நம்பிக்கை. இவன் அங்கே ஒருநாள் விளையாட்டுக்கு அதைச் செய்து காட்டியிருக்கிறான். கிராமத்தார் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். மறுநாள் காலையில் ஒரு பெண்மணி வந்து, என் வாசலிலும் அந்தக் காயை நடத்திப் பார் என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாராம். தேங்காய் எழுந்து நின்றது. நானூறு அடி போட்டார்கள். புழுதிதான் வந்தது.

"எனக்கு மூஞ்சியத் தூக்க முடியலீங்க்கா. நம்மூர்ல தண்ணி வரலீன்னா தோட்டத்துக்காரரு நம்மள ஒரு பார்வ பாப்பாருல்ல, அது நெனப்பு வந்துருச்சு. அந்தம்மா என்ன பண்ணுச்சு தெரியுங்களா? எங்க ஏழு பேருக்கும் களி கிண்டிப் போட்டுச்சு. தண்ணி வரலீன்னாலும் வேல செஞ்சீங்கல்ல, உண்ணுங்கன்னுச்சு."

இன்னொரு ஊரில் தண்ணீர் வந்தது. கம்ப்ரசர் காற்றில் முதலில் புழுதி, பிறகு சேறு, பிறகு பனை உயரத்துக்குத் தண்ணீர். "மாஜி, மாஜி" என்று பிள்ளைகள் கத்திக்கொண்டு நனைந்தார்களாம். தண்ணீருக்கு அவர்கள் மொழியில் அதுதான் வார்த்தை. பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டார்கள். ஒரு கிழவி முதல் சொம்புத் தண்ணீரைப் பூமிக்கு ஊற்றிவிட்டு, இரண்டாவது சொம்பை இவன் வாயில் வைத்தார். சொல்லும்போது துணி துவைக்கிற சத்தம் நின்றிருந்தது. அப்புறம், "பாப்பாவக் கூட்டியாந்து காட்டோணுங்க்கா" என்றான்.

நோட்டு நிறைந்தது. புத்தகம் எழுதும்போது அதை மூடி வைத்துவிட்டுச் சிங்கம், மலை, மான் என்று என் வழக்கப்படி எழுதினேன். களி ஒரு வரி வந்தது. தேங்காய் வரவில்லை. அந்தப் பெண்மணி வரவில்லை.

அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "என்ற பேரெல்லாம் வேண்டாங்க்கா. எதாச்சும் ஒரு படத்துல ஓரமா ரிக் வண்டி ஒண்ணு நிக்கற மாதிரி போடச் சொல்லுங்க. அது போதும். பாப்பா பாத்து, இது எங்கப்பாதுன்னு தெரிஞ்சுக்குவா."

அதற்கென்ன என்று ஓவியரிடம் சொன்னேன். அவர் தருமபுரிக்காரர், கை நேர்த்தியான ஆள். ஒரு மாதத்தில் படங்கள் வந்தன. இருபத்தோராம் பக்கத்தில் ஒரு கிராமம். பெரிய வயிறு வைத்த மரம், குடத்தோடு பெண்கள், கை தட்டுகிற பிள்ளைகள், வலது ஓரத்தில் கம்பத்தை நிமிர்த்திக்கொண்டு ரிக் வண்டி. முன்கண்ணாடிக்குக் கீழே எலுமிச்சம்பழ மாலை கூடப் போட்டிருந்தார். பக்கத்தில் கைலியும் தொப்பியுமாக ஒரு ஆள். அதைத் தம்பிக்கு அனுப்பினேன். சிரிப்புப் படங்களாக ஒரு பத்து அனுப்பினான் பதிலுக்கு. "என்னையவே போட்டுட்டாருங்க்கா" என்றான்.

ஒரு வாரம் கழித்து எல்லாப் படங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். சிங்கம், மலை, மான் கூட்டம், கடற்கரை, அப்புறம் இருபத்தொன்று. எனக்கு அது உறுத்தியது. செம்மண்ணும் முள்ளுமாக, எலுமிச்சம்பழம் கட்டிய வண்டியோடு, இங்கே வையப்பமலைப் பக்கம் போகிற ரோடு மாதிரி இருந்தது. வெளிநாட்டைப் பார்க்கப் புத்தகத்தைத் திறக்கிற பிள்ளைக்கு, தன் வீட்டு வாசலில் விடிய விடிய இரைகிற வண்டியை எதற்குக் காட்ட வேண்டும்? அந்த வண்டியைக் கழுவி நிறுத்துகிற ஊர்க்காரியான எனக்கே, எங்கள் ஆட்கள் அந்தப் படத்தில் நிற்பது அந்த நாட்டின் அழகைக் கெடுக்கிற மாதிரி பட்டது. இன்றைக்கு நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. அன்றைக்கு அப்படிப் படவில்லை. எழுதுகிறவளுக்கு வேண்டிய கண்டிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ஓவியரைக் கூப்பிட்டேன். "அந்த வண்டிய எடுத்துடுங்க. அந்த எடத்துல ஒட்டகச்சிவிங்கி ஒண்ண நிறுத்துங்க."

"நல்லாத்தானுங்களே இருந்துச்சு" என்றார்.

"போர்வெல் வண்டியப் பாக்கறதுக்குப் புள்ளைங்க ஏனுங்க தான்சானியாவுக்குப் போகோணும்?"

அடுத்த நாளே ஒட்டகச்சிவிங்கி வந்தது. அழகாக, கழுத்தை வளைத்து, மரத்து இலையைத் தின்றுகொண்டு. தம்பியிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். நேரில் வரும்போது சொன்னால் கேலி பேசிவிட்டுப் போய்விடுவான், அவ்வளவுதானே.

அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ஆறு நிமிஷத்துக்கு மேல் நீளம். அப்போது நான் அந்தப் புத்தகத்துக்கே மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். ஆரம்பத்தில் மழை, சேறு, வண்டி மாட்டிக்கொண்டது என்று ஏதோ சொன்னான். அப்புறம் கேட்கலாம் என்று நிறுத்திவிட்டேன்.

பத்து நாளில் காய்ச்சல் என்றார்கள். வேலை இடத்திலிருந்து ஆஸ்பத்திரி தொலைவு. சாதாரணக் காய்ச்சல் என்று பையிலிருந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் படுத்திருக்கிறான். கொசுக்காய்ச்சல், மூளைக்கு ஏறிவிட்டது. கூட இருந்த பையன்கள் போனில் அழுதார்கள். பெட்டி சென்னைக்கு வந்து, அங்கிருந்து ஆம்புலன்ஸில் மரவள்ளிக் காட்டுக்குள் வந்து இறங்க ஒன்பது நாள் ஆனது. மூடியைத் திறக்க வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். என் தம்பியின் முகத்தை நான் பார்க்கவில்லை.

காரியம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு அந்த ஆறு நிமிஷத்தைக் கேட்டேன். மழை, சேறு, மாட்டிக்கொண்ட வண்டி. ஒட்டகச்சிவிங்கி பார்க்க ஒருநாள் எல்லாரும் கிளம்பியிருக்கிறார்கள். போகிற வழியில் ஜீப் நின்றுபோய்த் திரும்பி வந்திருக்கிறார்கள். "ரெண்டு வருசம் ஆகப்போகுது, ஒண்ணயக்கூடக் கண்ணுல பாக்கலீன்னு பாப்பாகிட்ட சொன்னனுங்க்கா, சிரிக்கறா." அப்புறம் கடைசியில்:

"பாப்பாகிட்டச் சொல்லீட்டனுங்க்கா. அத்தையோட புக்குல அப்பா இருக்கறேன், எந்தப் பக்கம்னு சொல்ல மாட்டேன், நீயே தேடிக் கண்டுபுடின்னு. நீங்களும் சொல்லிப் போடாதீங்க."

அன்றைக்கே பதிப்பாளருக்குப் போன் செய்தேன். அச்சாகி, மடித்து, அட்டையும் ஒட்டியாகிவிட்டது என்றார். இருபத்தோராம் பக்கத்தின்மேல் ஒரு சின்னப் படத்தை ஒட்ட முடியுமா என்று கேட்டேன். "மனசு சரியில்லாம இருக்கீங்க, கொஞ்ச நாள் போகட்டுங்க" என்று தன்மையாகத்தான் சொன்னார். எனக்கு வந்த பத்துப் பிரதிகளை, கட்டுக்கூடப் பிரிக்காமல், தறிக்கூடத்து அலமாரியில் நூல் கோன்களுக்குப் பின்னால் தள்ளினேன்.

வாரா வாரம் அவன் மகள் போன் செய்வாள். வேறு எதையும் பேச மாட்டாள்.

"அத்தை, புக்கு வந்துருச்சுங்களா?"

"இன்னும் இல்ல சாமி."

மூன்று மாதம் இதைச் சொன்னேன். பிள்ளைகளுக்கு எழுதுகிறவள், ஒரு பிள்ளையிடம் வாரம் தவறாமல் பொய் சொன்னேன்.

பிப்ரவரியில் ஒருநாள் தம்பி மனைவி கூப்பிட்டாள். "பாப்பாவுக்கு நேத்து ஆண்டு விழாவுல பரிசு குடுத்தாங்க அண்ணி. ஓட்டப்பந்தயத்துல ரெண்டாவதுங்க. உங்க புக்குதானுங்க குடுத்திருக்கறாங்க." அவள் குரலில் குற்றம் சொல்கிற தொனி எதுவுமில்லை. "நேத்திலிருந்து அதையவே பொரட்டிட்டு இருக்கறா. சோறும் உண்ணலீங்க. நீங்க ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

முறுக்கு ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். இராசிபுரத்தில் இறங்கி வேறு பஸ் மாறினேன். போகிற வழியெல்லாம் என்ன சொல்வது என்றுதான் ஓடியது. அச்சகத்தில் மாற்றிவிட்டார்கள் எனலாம். படம் தொலைந்துவிட்டது எனலாம். அப்பா விளையாட்டுக்குச் சொன்னார் எனலாம். மூன்றையும் மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது பொய் வந்தபோது எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது, செத்தவன்மேல் பழி போடுகிறேனே என்று.

அவள் முன்னறையில் கட்டில்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் புத்தகம். "வாங்க அத்தை" என்றாள், எழுந்திருக்கவில்லை. முறுக்கை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். புத்தகத்தைப் பார்த்தேன். தேடி முடித்த பக்கத்தின் மூலையில் எல்லாம் பென்சிலால் ஒரு சின்னக் குறி போட்டிருந்தாள். சிங்கத்துக்கு ஒன்று, மலைக்கு ஒன்று, கடற்கரைக்கு இரண்டு.

"எல்லாப் பக்கமும் பாத்துட்டனுங்க அத்தை. அட்டையிலயும் பாத்துட்டன். இந்தப் பக்கத்துல மட்டும் சந்தேகமா இருக்குதுங்க." இருபத்தோராம் பக்கத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினாள். ஒட்டகச்சிவிங்கியின் வயிற்றில் விரலை வைத்தாள். "அப்பா இதுக்குப் பின்னாடி நிக்கறாருங்களா?"

பஸ்ஸில் நான் யோசித்த மூன்றைவிடவும் நல்ல பொய்யை அவளே என் கையில் கொடுத்துவிட்டாள். ஆமாம் என்ற ஒரு வார்த்தை போதும். அவள் அம்மா சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் அந்த ஒரு வார்த்தையைத்தான் எதிர்பார்க்கிறாள் என்று தெரிந்தது. என்னால் முடியவில்லை. நல்லவள் என்பதால் இல்லை. அந்தக் குழந்தை இனிமேல் எத்தனை வருஷம் அந்த மிருகத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் என்ற பயத்தில்தான்.

"அங்கதான் சாமி நின்னாரு. வண்டியோட. அத்தைதான் வேண்டாம்னு எடுக்கச் சொல்லீட்டேன்."

"ஏனுங்க?"

"புக்கு வாங்கற புள்ளைங்களுக்கு ஒட்டகச்சிவிங்கியத்தான் புடிக்கும்னு நெனச்சுட்டேன்."

அவள் அந்தப் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "இத அப்பா பாக்கவேயில்லீன்னாருங்களே" என்றாள். குறை சொல்கிற மாதிரி இல்லை, எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரியப்படுத்துகிற மாதிரி சொன்னாள். அவள் அம்மா உள்ளே போய்விட்டாள். பாத்திரத்தை எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது.

நான் அழுதேன். பெட்டி வந்த அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. முந்தானையால் துடைத்துக்கொண்டு, அவள் கையைப் பிடித்து, "அத்தை தப்புப் பண்ணீட்டேன் கண்ணு" என்றேன். "அடுத்த தடவ அச்சுப் போடறப்ப இத எடுத்துட்டு அப்பாவையும் வண்டியையும் போட்டுடறேன். அந்தப் படம் அத்தைகிட்ட அப்படியே இருக்குது. ரெண்டு மாசம், மூணு மாசம், அதுக்குள்ள பண்ணீடறேன்."

கையை உருவிக்கொள்ளவில்லை. யோசித்தாள். அவள் யோசிக்கும்போது அவள் அப்பாவைப் போலவே கீழுதட்டைக் கடிக்கிறாள்.

"வேண்டாங்க அத்தை" என்றாள். "இப்ப அப்பா அங்க இல்லீங்களே."

பிறகு பென்சில் டப்பாவைத் திறந்து ரப்பரை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து அந்தக் குறிகளை ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தாள்.